என்ன துப்பாக்கி கேட்கிறோம் என்று தெரிந்து கேட்போம்!



போன மாதக் கமிட்டிக் கூட்டத்தில் நம் இளைஞர்கள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். அமெரிக்காவில் ஒரு விவசாயி. வயல் ஓரத்தில் மேஜை போட்டு, மணல் மூட்டை மேல் ரைபிளை வைத்து, முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கிற பிராணியைச் சுடுகிறார். தோளில் ஒரு குலுக்கல் இல்லை. அடுத்த தோட்டா, அடுத்த பிராணி. "அவனுக்கு அது, நமக்கு மட்டும் தகர டப்பாவா?" என்று ஒருவர் கேட்க, கைதட்டல் அடங்க நேரமானது. அதே சூட்டில் "பயிரைக் காக்க தொலைதூர ரைபிள் உரிமம் வழங்கு!" என்று தீர்மானமும் எழுதியாயிற்று.

அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தோம். சிலருக்கு நம் மேல் வருத்தம். கோபம் நியாயமானது. மக்காச்சோளமும் கடலைக்காயும் ஒரே ராத்திரியில் உழுது போட்ட மாதிரி கிடப்பதைப் பார்த்தவனுக்குக் கோபம் வராதா? ஆனால் கலெக்டர் ஆபீசில் "எந்தத் தோட்டாப்பா கேக்கறீங்க, எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் நாம் முழிக்கக்கூடாது. அதனால் விசாரித்தோம், படித்தோம்.

முதலில் அந்த அமெரிக்க விவசாயி சுடுவது எதை? பிரெய்ரி டாக் என்கிறார்கள். பேரில்தான் நாய், ஜாதியில் அணில். எடை ஒரு கிலோ சுமார். தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா பக்கம் மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டங்கூட்டமாக இருக்கும். மாட்டுக்கு வேண்டிய புல்லைத் தின்னும். கிட்டே போனால் வளைக்குள் ஓடிவிடும். ஆகவே தூரத்திலிருந்துதான் சுடவேண்டும். ஒரு நாளில் நூறு தோட்டா கூடப் போகும்.

நூறு தடவை சுடுகிறவன் முதலில் பார்ப்பது உதைப்பைத்தான். 12 போர் துப்பாக்கி சுட்டவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வெடிக்குத் தோள் கன்றும். இரண்டாவது வெடிக்கு விரல் அமுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், குறி போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. உதைப்பு குறைந்தால் தொலைநோக்கியை விட்டுக் கண் விலகாது. குண்டு எங்கே விழுந்தது, மண் எந்தப் பக்கம் கிளம்பியது என்று சுட்டவனே பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம்.

உதைப்பு எங்கிருந்து வருகிறது? குண்டின் எடை, மருந்தின் அளவு, குண்டு போகிற வேகம். இவை கூடினால் உதைப்பும் கூடும். துப்பாக்கி கனமாக இருந்தால் குறையும். அங்கே அதிகம் பேர் எடுப்பது 223 ரெமிங்டன் என்ற தோட்டா. குழல் விட்டம் அங்குலத்தில் பாயிண்ட் 22 தான். குண்டு 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம். அது நொடிக்கு ஆயிரம் மீட்டர் கிட்ட வேகத்தில் போகிறது. உதைப்பு நம் 12 போரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவர்கள் ராணுவத் தோட்டாவின் கூடப்பிறந்தது என்பதால் ஏராளமாகத் தயாராகிறது, விலையும் மலிவு. விவசாயி புத்தி எங்கேயும் ஒன்றுதான்: மலிவாகக் கிடைப்பதில் நல்லதை எடு!

இதைவிட வேகம் வேண்டுமென்றால் 22-250 இருக்கிறது. அதற்கும் முன்னால் 1935-இல் வந்த 220 ஸ்விஃப்ட் இருக்கிறது. பாய்ச்சல் பிரமாதம். ஆனால் மருந்து அதிகம் எரிவதால் குழலின் தொண்டை சீக்கிரம் தேய்கிறது. இரண்டு மூன்று சீசன் வீரமாகச் சுட்டுவிட்டுப் புதுக்குழலுக்குக் காசு கட்டவேண்டும். கடன் வாங்கி ஆழ்குழாய் போட்ட நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

காற்றுதான் பெரிய வில்லன். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால், அந்த மூன்றரை கிராம் குண்டு முந்நூறு மீட்டரில் ஒரு அடி ஒதுங்கிவிடும். பிராணியின் அகலமே ஒரு சாண் இல்லை! அதனால் காற்று அடிக்கிற ஊரிலும், காகித இலக்கில் வெகுதூரம் சுடுகிற போட்டிகளிலும் 6 எம்.எம். குண்டுக்குப் போகிறார்கள். 1955-இல் வந்த 243 வின்செஸ்டர், பிறகு 6 எம்.எம். பி.பி.சி., 6 எம்.எம். பி.ஆர். எல்லாம் இந்தக் குடும்பம். 105 கிரெயின், ஏழு கிராமுக்குக் கொஞ்சம் கம்மியான நீளக் குண்டு போட்டால் காற்றில் ஒதுங்குவது பாதியாகக் குறைகிறது. 243-இன் உதைப்பு 223-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். மருந்து குறைவாகப் பிடிக்கிற பி.ஆர். தோட்டா இரண்டுக்கும் நடுவில்.

குழலுக்குள் இருக்கிற முறுக்கையும் பார்க்கவேண்டும். நீளக் குண்டு பம்பரம் மாதிரி. வேகமாகச் சுற்றினால்தான் நிமிர்ந்து போகும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கிய 223 குழலில் நீளக் கனக்குண்டு போட்டால் தள்ளாடிக்கொண்டு போகும். அதற்கு 8 அங்குலத்துக்கோ 7 அங்குலத்துக்கோ ஒரு சுற்று வேண்டும். தோட்டா பேரை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

நாம் தெற்கு டகோட்டாவில் மாடு மேய்த்தால் எது வாங்குவோம்? யோசிக்காமல் 223 தான். காற்று அதிகமென்றால் 243.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். நமக்கு எதிரி ஒரு கிலோ அணில் அல்ல, எண்பது நூறு கிலோ காட்டுப்பன்றி. அந்த லேசான குண்டு மெல்லிய உறை போட்டது. சின்னப் பிராணியில் பட்டதும் சிதறவேண்டும், தரையில் பட்டால் தெறித்துப் போகக்கூடாது என்றே செய்தது. அது ஆண் பன்றியின் தோள் தடிப்பில் பட்டால் மேலேயே சிதறும். பன்றி சாகாது, காயத்தோடு கரும்புக்குள் போய்ப் படுக்கும். காலையில் சோகை உரிக்கப் போகிறவர்கள் யார்? நம் வீட்டுப் பெண்கள்!

தூரக் கணக்கும் வேறு. நாம் பார்ப்பது இருட்டில், பரண் மேலிருந்து, முப்பது நாற்பது மீட்டரில். முந்நூறு மீட்டர் ரைபிள் எதற்கு? குறி தப்பிய ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டர் வரை போகக்கூடியது. டகோட்டாவில் அந்தத் தூரத்துக்கு ஆள் இல்லாத நிலம் உண்டு. அப்படியிருந்தும் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சுடவேண்டும் என்பது அங்கே பாலபாடம். நம் ஊரில் மூன்று கிலோமீட்டருக்குள் நாலு சாளை, ஒரு பள்ளிக்கூடம், பஸ் போகிற ரோடு. ரவை போட்ட வழவழப்புக் குழல் துப்பாக்கி உதைக்கும், உண்மைதான். ஆனால் அந்த ரவை சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். தோள் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அடுத்த வீட்டுச் சாவைப் பொறுக்க முடியாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1959 ஆயுதச் சட்டம் 13-ஆவது பிரிவு 3-ஆவது உட்பிரிவைப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் வழங்கவேண்டும் என்று இருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். ரைபிள் என்றால் ரைபிள் கிளப் உறுப்பினருக்கு, இலக்குப் பயிற்சிக்குப் பாயிண்ட் 22. உதைப்பே தெரியாத தோட்டா அது. குறிபார்க்கப் பழக ஆசைப்படுகிற இளைஞர்கள் மாவட்ட ரைபிள் கிளப்பில் சேரட்டும், நமக்குப் பெருமைதான். தோட்டத்துக்கு அது வேண்டாம்.

மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதியவேண்டும். நாம் கேட்டால், பொதுநலனுக்கு ஆகாது என்று கருதினாலொழிய, அதன் சுருக்கத்தைக் கொடுக்கவேண்டும். இது 14-ஆவது பிரிவு. 18-ஆவது பிரிவில் மேல்முறையீடும் உண்டு. "போய்ட்டு அப்புறமா வாங்க" என்பது எந்தப் பிரிவில் இருக்கிறது?

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். துப்பாக்கி உரிமம் வேறு, பன்றியைச் சுட அனுமதி வேறு. 1972 வனவிலங்குச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சுட்டால் ஜெயில். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு ஏற்பாடு அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடுவது, மூன்றுக்கு மேல் வனத்துறையே சுடும். ராத்திரி இரண்டு மணிக்குப் பன்றி வந்தால் எந்த ரேஞ்சர் வருவார்? எல்லைக் கல்லிலிருந்து டேப் பிடித்து அளப்பது யார்? பக்கத்துக் கேரளாவில் 2022-இல் பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். அதைத்தான் இங்கேயும் கேட்கிறோம்.

இதெல்லாம் கிடைக்காததால் என்ன நடக்கிறது? வேலியில் திருட்டுக் கரண்ட், அவுட்டுக்காய். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதன் கருகியதை நம் தாலுகாவிலேயே பார்த்துவிட்டோம். தண்ணீர் கட்டப் போனவர் அவர், தப்பு ஒன்றும் செய்யாதவர். கம்பி போட்டவரும் நம் சங்கத்துக்காரர்தான். இரண்டு குடும்பமும் இன்று தெருவில். சங்கம் இதற்கு ஒருநாளும் துணை நிற்காது.

ஆகவே தீர்மானத்தைத் திருத்தியிருக்கிறோம். ரைபிள் என்ற சொல்லை எடுத்தாயிற்று. 13-ஆவது பிரிவுப்படி பயிர்ப் பாதுகாப்பு உரிமம், கேட்டவர்களுக்குப் போலீஸ் மைதானத்தில் சுடும் பயிற்சி, பஞ்சாயத்துக்கு உத்தரவு அதிகாரம், தேர்தல் என்று ஸ்டேஷனில் வாங்கி வைத்த துப்பாக்கியை அறுவடைக்கு முன் திருப்பித் தருவது. இந்த நாலும்தான் கோரிக்கை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் சிட்டா, அடங்கல், சேதமான பயிரின் போட்டோ, ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால் அதன் ரசீது ஆகியவற்றைக் கொண்டு வரவும். தாத்தா காலத்துக் கேப்புத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் உரிமப் புத்தகத்தை மட்டும் எடுத்து வாருங்கள். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.