தர்மமா? வியாபாரமா?

பொது ஜனங்களுக்கு நன்மை செய்யவென்று ஏற்படும் ஸ்தாபனங்களில் பல, சில வருஷங்களுக்குள்ளாகவே மடிந்து போவதைப் பார்க்கிறோம். அவற்றின் நோக்கம் கெட்டதல்ல; உழைப்பவர்களும் சோம்பேறிகளல்ல. பின் ஏன் மடிகின்றன என்றால், பிறர் நன்கொடையை நம்பியே அவை மூச்சு விடுகின்றன. கொடுக்கிறவன் மனம் மாறினால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. மாறாவிட்டாலோ, அவன் மனங்கோணாமல் பேசவேண்டிய அடிமைத்தனம். கோவிலைக் கண்டித்துப் பேசும் ஒரு சங்கம், கோவில் தர்மகர்த்தாவின் பணத்தில் எத்தனை நாள் நடக்க முடியும்?

பிச்சை போடுவது புண்ணியம் என்று மதங்கள் கற்பித்தன. போடுகிறவனுக்கு மோட்சம் கிடைக்கிறதோ இல்லையோ, வாங்குகிறவனுக்கு மானம் போவது நிச்சயம்.

நிற்க, வேறு வழி உண்டா என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில், 1844 ஆம் வருஷம், நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் வாரம் இரண்டு பென்ஸ், மூன்று பென்ஸ் என்று சேர்த்து, 28 பவுன் மூலதனத்தில் ஒரு கடை திறந்தார்கள். சரக்கு என்ன? வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி முதலியவை. மாவில் படிகாரம் கலந்து விற்ற அந்தக் காலத்தில், கலப்படமில்லாத சரக்கைச் சரியான நிறையில் ரொக்கத்துக்கு விற்றார்கள். லாபத்தை, அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பங்கிட்டார்கள். பணக்காரனானாலும் ஏழையானாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. மதத்துக்கு அங்கே இடமில்லை. பின்னர், லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பாகம் கல்விக்கென்று ஒதுக்கி, வாசகசாலையும் புத்தகசாலையும் நடத்தினார்கள். அப்புத்தகசாலையில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று எந்தப் பிரபுவிடமும் கேட்கவேண்டியதில்லை!

1849 இல் அவ்வூர்ச் சேமிப்பு பாங்கி முறிந்தபோது, ஜனங்கள் இக்கடையையே நம்பினார்கள். முந்திய வருஷம் 140 ஆக இருந்த அங்கத்தினர் தொகை அவ்வருஷம் 390 ஆயிற்று. இவர்கள் சரித்திரத்தை 1858 இல் எழுதி உலகறியச் செய்த ஹோலியோக், 1842 இல் தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக ஆறு மாதம் சிறையிலிருந்த பகுத்தறிவுவாதி என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1904 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் துவக்கப்பட்ட கூட்டுறவுச் சங்கமும் ராக்டேல் காட்டிய வழியில் தோன்றியதே.

ஆனால், வியாபாரம் செய்தாலே போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதே ராக்டேலில் 1854 இல் கூட்டுறவு முறையில் ஒரு பஞ்சாலை ஏற்பட்டது. அதில் தொழிலாளிகளுக்கும் லாபத்தில் பங்கு இருந்தது. நோக்கத்தில் பற்றில்லாமல் லாபத்துக்காகவே பங்கு வாங்கியவர்கள் பெருகவே, 1862 இல் தொழிலாளிகளின் பங்கை ஓட்டெடுத்தே ஒழித்துவிட்டார்கள். ஆகவே, கடை வேண்டும். ஆனால் கடையின் சாவி கொள்கையுடையவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நன்கொடையே கூடாதென்பதும் நம் கருத்தல்ல. வெள்ளத்திலும் பஞ்சத்திலும் கைகொடுப்பது மனிதக் கடமை. துவக்கத்துக்கு அது விதை நெல்லாகவும் இருக்கலாம். விதைத்த பிறகு விளைவித்துச் சாப்பிட வேண்டாமா? சங்கம் வைத்திருக்கும் தோழர்கள் அச்சுக்கூடமோ, புத்தகக் கடையோ, உணவு விடுதியோ நாணயமாக நடத்தி, வரவு செலவைப் பகிரங்கமாகக் காட்டி, மிச்சத்தில் கொள்கையை வளர்க்க முயல வேண்டுகிறோம். தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும் ஸ்தாபனத்துக்குத்தான் யாருக்கும் அஞ்சாமல் வாய் திறக்கும் யோக்கியதை உண்டு. சுயமரியாதை மனிதனுக்கு மட்டுமல்ல, சங்கத்துக்கும் வேண்டும்.