பசிக்கு வரிசை எண் கொடுப்பது யார்?

உலகில் 23.9 கோடிப் பேருக்கு அவசர உதவி தேவை; அவர்களில் 8.7 கோடிப் பேரை முதலில் காப்பாற்ற 2,300 கோடி டாலர் வேண்டும் என்று 2025 டிசம்பரில் ஐ.நா. அறிவித்தது. பற்றாக்குறைக் காலத்தில் கறாரான கணக்குதான். அதே மாதக் கடைசியில் 200 கோடி டாலர் தர முன்வந்த அமெரிக்கா, 17 நாடுகளின் பட்டியலையும் சேர்த்தே நீட்டியது. ஆப்கானிஸ்தானுக்கும் யேமனுக்கும் அதில் இடமில்லை. அங்கே பசி தீர்ந்துவிட்டதா என்ன?

தேவையை அளந்துதான் உதவுகிறோம் என்ற தொண்டு நிறுவனங்களின் பேச்சைப் பொய்யாக்க ஒரு கணக்கு போதும். 2004 சுனாமி நிவாரணத்தை ஆராய்ந்த கூட்டு மதிப்பீட்டுக் குழு 2006இல் சொன்னது: சுனாமியால் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு 7,100 டாலருக்கு மேல் நிதி திரண்டது. அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் தவித்தவருக்குச் செலவானது தலைக்கு 3 டாலர். இரண்டாயிரம் மடங்குக்கும் மேல்! வங்கதேசத்தில் போதிய கேமராக்கள் இல்லை, வேறென்ன காரணம்? நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் தேவைக்கு மேல் ஃபைபர் படகுகள் குவிந்ததும் இந்தப் பணத்தால்தான். சுனாமிக்கென்று வந்ததை வேறெங்கும் செலவிட முடியாதே!

ஒரு டாலருக்கு எத்தனை உயிர் என்று கூட்டிக் கழித்துத் தொண்டு நிறுவனங்களை எடைபோடும் ‘கிவ்வெல்’ (GiveWell) வகையறாக்கள் மாற்று வழி சொல்கிறார்கள். கொசுவலைக்குச் சரிப்படும் அந்தக் கணக்கு, குண்டு விழும் சூடானின் டார்ஃபூருக்கு உதவாது.

நோய் வேறு இடத்தில் இருக்கிறது. இன்ன நாட்டுக்கு, இன்ன வேலைக்கு என்று கொடுப்பவர் முடிச்சுப் போட்டுத் தரும் பணம்தான் அது. கட்டற்ற நிதியையும், முடிச்சு தளர்ந்த நிதியையும் 2020க்குள் 30 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2016இல் இஸ்தான்புல்லில் கொடை நாடுகளும் உதவி அமைப்புகளும் கையெழுத்திட்டன. அது நிறைவேறியிருந்தாலும் மீதி 70 விழுக்காட்டின் கடிவாளம் யார் கையில்?

‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு மட்டும் 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே, சுனாமிக்குப் போதும், இனி அனுப்ப வேண்டாம் என்றது. வந்ததில் மிஞ்சியதை வேறு துயரங்களுக்குச் செலவிட அனுமதி கேட்டது. மற்ற அமைப்புகள் முகம் சுளித்தன. பணத்தைத் திருப்பிக் கேட்ட நன்கொடையாளர்களோ மிகச் சொற்பம்.

உண்மையைச் சொன்னால் கொடுப்பவர்கள் ஓடிவிட மாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முடிச்சுப் போட்ட பணத்தை, அது வாஷிங்டன் பணமே ஆனாலும், வாங்க மாட்டோம் என்று எல்லா அமைப்புகளும் சேர்ந்து அறிவிக்கட்டும். ஓராண்டு தள்ளாடலாம்; பிறகு அரசுகள் வழிக்கு வந்தே தீரும். அந்தத் துணிவு இல்லையென்றால், தேவையின் பெயரால் ஜெனீவாவில் பட்டியல் போடுவதையாவது நிறுத்தட்டும்.