இரண்டு சித்தூர்களின் மாம்பழக் கணக்கு

தென்னிந்தியாவில் மாம்பழத்துக்குப் பேர்போன சித்தூர்கள் இரண்டு. ஒன்று ஆந்திரத்தில், மாவட்டத் தலைநகர். மற்றது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் தாலுகா. முதல் சித்தூரில் பழம் குவிந்து விலை விழுகிறது. இரண்டாவது சித்தூரில் விலை இருக்கிறது, பழம்தான் குறைகிறது. நாட்டின் மாம்பழ உற்பத்திப் புள்ளிவிவரத்தைப் புரட்டினால் இந்த இரண்டு கஷ்டங்களில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

புள்ளிவிவரம் என்னவோ பிரமாதமாகத்தான் இருக்கிறது. 1991-92இல் இந்தியாவின் மாம்பழ விளைச்சல் சுமார் 87 லட்சம் டன். 2010-11இல் அது 152 லட்சம் டன். 2017-18இல் 218 லட்சம் டன். கால் நூற்றாண்டில் இரண்டரை மடங்கு! அதே காலத்தில் மக்கள்தொகை 85 கோடியிலிருந்து 130 கோடியைத் தாண்டியது. அப்படியும் தலைக்கு ஆண்டொன்றுக்குப் பத்து கிலோவாக இருந்த மாம்பழம் பதினாறு கிலோவாகியிருக்கிறது. உணவுப் பொருள் எதிலும் பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்க கணக்கு இது.

ஆனால் இந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது? 1991-92இல் மாந்தோப்புகளின் பரப்பு சுமார் 10.8 லட்சம் ஹெக்டேர். 2017-18இல் 22.6 லட்சம் ஹெக்டேர். ஒரு ஹெக்டேரின் விளைச்சல் எட்டு டன்னிலிருந்து ஒன்பதரை டன்னுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதாவது மரம் அதிகம் காய்த்ததால் வந்த பெருக்கம் அல்ல இது. மரங்கள் அதிகமானதால் வந்தது. 2005இல் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை இயக்கமும் புதுத் தோப்புகளுக்கு மானியம் கொடுத்தது. அந்தத் தோப்புகளில் பெரும்பாலானவை காய்ப்பதும் ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள அதே நான்கு மாதங்களில்தான்.

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். மாம்பழத்தை வைக்க முடியாது. பழுத்த சில நாட்களில் தின்றாக வேண்டும், இல்லையென்றால் கூழாக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் குப்பை. ஆகவே ஆண்டு மொத்தம் எத்தனை டன் என்ற கேள்வி மாம்பழத்துக்குப் பாதிக் கேள்விதான். எந்த மாதத்தில் எத்தனை டன் என்பது மீதிப் பாதி. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

கேட்காததன் விலையை 2025 ஜூனில் ஆந்திரச் சித்தூர் காட்டியது. கூழ் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரி, தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்று வழங்கும் ரகம், வாங்குவாரின்றித் தேங்கியது. உள்ளூர் விவசாயிகளைக் காப்பாற்ற வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. எல்லைக்கு அப்பால் கோலார் விவசாயிகள் கொதித்தார்கள். தடையை நீக்கும்படி கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று விலை நிர்ணயித்து, கர்நாடக விவசாயிகளுக்கு இரண்டரை லட்சம் டன் வரை விலை வித்தியாசத்தை ஈடுகட்ட மத்திய அரசு முன்வந்தது. தண்ணீருக்காகச் சண்டையிட்ட மாநிலங்கள் உண்டு. மாம்பழம் அதிகமாகிப் போனதற்காகவும் சண்டை வந்தது.

இப்போது இன்னொரு சித்தூர். அந்தத் தாலுகாவில், பறம்பிக்குளம் மலைகளின் அடிவாரத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பஞ்சாயத்து முதலமடை. மாநகரம் என்றல்ல, ‘மாம்பழ நகரம்’ என்றே இதற்குப் பட்டப்பெயர். நல்ல வருடங்களில் நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வருவது இந்த ஊர் மாங்காய்தான். தை பிறக்கும்போதே அறுவடை தொடங்கிவிடும். அல்போன்சா, பங்கனபள்ளி, செந்தூரம், காளப்பாடி என்று பெட்டி பெட்டியாக டெல்லிக்கும் மும்பைக்கும் லாரி ஏறும். உத்தரப் பிரதேசத்தின் தசேரி மரங்கள் அப்போது பூக்கக்கூட ஆரம்பித்திருக்காது.

இந்த முன்னோட்டம் மலையும் காற்றும் கொடுத்த சலுகை. கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை கிழக்குப் பாலக்காட்டை எட்டும்போது இளைத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. ஆனைமலைத் தொடரின் மறுபக்கத்தில், உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறிப்போகும் வழியில் இருக்கும் இடுக்கி மாவட்டத்து மறையூரும் காந்தளூரும் இதே மழை மறைவில் வாழ்பவைதான். அங்கே கரும்பும் ஆப்பிளும், இங்கே மா. மழை விட்டு, காய்ச்சல் கண்டு, இரவு குளிர்ந்தால் மாமரம் பூக்கும். முதலமடையில் இது நவம்பர், டிசம்பரிலேயே நடந்துவிடும்.

நடந்துவிடும் என்பதை ‘நடந்துவந்தது’ என்று திருத்த வேண்டிய நிலை இப்போது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் தாண்டியும் தூறிக்கொண்டிருந்தால் பூவின் மகரந்தம் கழுவப்பட்டுவிடுகிறது. ஈரத்தில் பூங்கொத்து கருகுகிறது. தப்பியதை இலைப்பேன் உறிஞ்சுகிறது. அண்மைப் பருவங்களில் விளைச்சல் பெரிதும் சரிந்துவிட்டதாக விவசாயிகள் முறையிடுகிறார்கள். காய் தாமதமாகி மார்ச், ஏப்ரலில் வந்தால் ஆந்திரப் பழமும் ரத்னகிரிப் பழமும் சந்தையில் நிற்கின்றன. முதலில் வருபவருக்குக் கிடைக்கும் விலை இரண்டாவதாக வருபவருக்குக் கிடைப்பதில்லை.

தோப்புகள் பலவும் குத்தகைக்குப் போகின்றன. பணம் போட்ட வியாபாரிக்கு ஒரு பருவம்தான் கெடு. மண் அவருடையது அல்ல, மரமும் அல்ல. பூச்சி கண்டால் மருந்து. கேட்காவிட்டால் இன்னும் கடுமையான மருந்து. எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. கேரளத்தில் அதற்கு முன்பே தடை இருந்தும் முதலமடைத் தோப்புகளில் அது தெளிக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. மருந்துக்கு அஞ்சாத பூச்சியும், மருந்துக்கு அஞ்சும் குடியிருப்புகளுமே மிச்சம்.

முதலமடையின் நான்காயிரம் சொச்சம் ஹெக்டேர், நாட்டின் மாந்தோப்புப் பரப்பில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அது முழுதாகப் பொய்த்தாலும் தேசியக் கணக்கில் ஒரு தசமம்கூட அசையாது. ஆபத்தே இதுதான். ஜனவரி, பிப்ரவரியில் பழம் தரக்கூடிய மண் நாட்டில் மிகக் குறைவு. ஜூனில் பழம் தரும் மண்ணோ வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது. ஏற்றுமதி இந்தச் சுமையைக் குறைக்கும் என்று நம்பவும் இடமில்லை. 2023-24இல் வெளிநாடு போன புதுப்பழம் சுமார் 32,000 டன். விளைந்த ஆயிரம் கிலோவுக்கு ஒன்றரை கிலோ. ஐரோப்பியக் கடைகளில் ஜனவரி மாத மாம்பழ இடத்தைப் பெரு நாடு பிடித்து வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மாம்பழ வரத்தை ஆண்டுக்கணக்கோடு நிறுத்தாமல் மாதக்கணக்கிலும் வெளியிடலாம். புதுத் தோப்புக்கு மானியம் தரும்போது அந்த ரகம் எந்த மாதத்தில் காய்க்கும் என்று ஒரு கேள்வி கேட்கலாம். இலைப்பேனை மருந்தில் மட்டுமே எதிர்கொள்ளாமல் தோப்பை நீண்ட காலம் பேணுபவருக்கு ஆதாயம் கிடைக்கும்படி குத்தகை முறையை மாற்றலாம். பூக்கும் மாதத்து மழைக்கும் நஷ்டஈடு கிடைக்கும்படி காப்பீட்டை வகுக்கலாம்.

இல்லையேல், இன்னும் பத்து ஆண்டுகளில் உற்பத்தி மேலும் சில லட்சம் டன் கூடியிருக்கும். ஆந்திரச் சித்தூரில் ஜூன் மாதம் பழத்தை ரோட்டில் கொட்டுவார்கள். கேரளச் சித்தூரில் தை மாதம் லாரிகள் காலியாக நிற்கும். டெல்லியில் வெளியாகும் புள்ளிவிவரமோ வழக்கம்போல் புதிய சாதனை என்றே சொல்லும்.