வெட்டு விழுவது பாலத்தில்தான்



தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை பற்றிய தலையங்கம் படித்தேன். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடிக்கு மேல். இதை வீண்செலவு என்று சொல்லமாட்டேன். மளிகைக் கடை பாக்கி அந்தப் பணத்தில்தான் அடைகிறது. ஆனால் அதற்காகச் சம்பளம், ஓய்வூதியம், வட்டி எதிலும் கைவைக்க முடியாது. 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமோ நிதிப் பற்றாக்குறையை மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலம் தானே உயர்த்தக்கூடிய வரிகளும் பெட்ரோல், மது, பத்திரப்பதிவு போன்ற சிலவாகச் சுருங்கிவிட்டன. ஆக, சத்தமில்லாமல் தள்ளிப்போவது பாலம் போன்ற கட்டுமானங்களுக்கான மூலதனச் செலவுதான். எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்துக்குத் தூண் மட்டும் எழும்பி, கம்பி துருவேறி நிற்கிறது. புதுத் திட்டம் அறிவிக்கும்போதே, அதற்காக எந்தெந்தப் பணி ஒத்திப்போகிறது என்ற பட்டியலையும் பேரவையில் வைக்கட்டும்.

– ஒரு வாசகர், மன்னார்குடி