ரீல்ஸ் எடிட் பண்ற பசங்களுக்கு கம்ப்யூட்டர் வாத்தியார் எதுக்கு?

1/
போன வாரம் ஜவ்வாது மலையில ஒரு அரசுப் பள்ளிக்கு உடல்நலம் பத்திப் பேசப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் ஆசிரியர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "பசங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியுது டாக்டர். நான் என்னத்தச் சொல்லித் தர்றது?"

2/
நியாயமான கேள்விதான். 2011 செப்டம்பர்ல விலையில்லா மடிக்கணினி வந்தது. அப்புறம் ஹைடெக் லேப் வந்தது. இப்போ வீட்டுக்கு வீடு போன். எந்த பட்டனை அமுக்கணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

3/
லேப்ல பத்தாம் வகுப்புப் பசங்ககிட்ட, "பாம்பு கடிச்சா என்ன செய்யணும்? தேடுங்க" என்றேன். பத்தே செகண்டு. ஒரு வீடியோ இறுக்கிக் கட்டச் சொன்னது. இன்னொண்ணு கீறி ரத்தத்தை உறிஞ்சச் சொன்னது. இரண்டுமே தப்பு.

4/
"இதைச் சொல்றது யாரு? டாக்டரா? ஏதாவது மருந்து விக்கிறாரா?" என்று கேட்டேன். வகுப்பே அமைதி. ஒரு பொண்ணு மட்டும், "வியூஸ் நிறைய இருக்கு சார்" என்றாள்.

5/
பசங்களை மட்டும் குறை சொல்லல. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் உதிரப்போக்கால் இறந்துபோனார். படித்தவர், ஆசிரியை. போன் பயன்படுத்தத் தெரியாமல் நடந்ததல்ல அது.

6/
ஈசிஜி மெஷினை எங்க ஸ்டாஃப் நர்ஸ் என்னைவிட வேகமா மாட்டுவாங்க. அதுல எனக்கு வெட்கமில்லை. வந்த கோட்டைப் படிச்சு முடிவெடுக்கிறது என் வேலை. ஆசிரியர் வேலையும் அதுதான்.

7/
வாரம் ஒரு பீரியட் போதும். பசங்களே தேடட்டும். யார் சொன்னது, ஏன் சொல்றாங்க, வேற நம்பகமான இடத்துல அதே இருக்கா? இந்த மூணு கேள்வியை மட்டும் வாத்தியார் கேட்கட்டும். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, பணம் பறிபோனா உடனே 1930-க்குக் கூப்பிடணும்னும் பழக்கட்டும்.

8/
மலையில சில ஊர்கள்ல இருந்து ஆஸ்பத்திரி வரவே நேரமாகும். அந்த நேரத்தைத் தப்பான வீடியோ தின்னுடக் கூடாது.

பாம்பு கடிச்சா: கட்டாதீங்க, கீறாதீங்க. கடிபட்ட இடத்தை அசைக்காம வையுங்க. மோதிரம், வளையலைக் கழட்டுங்க. 108-ஐக் கூப்பிடுங்க. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

இதையும் நான் சொன்னேன்னு நம்பாதீங்க. உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு உறுதிப்படுத்திக்கங்க. அதுதான் பாடம்.