கண்கட்டிதானே என்று இருந்து விடாதீர்கள்!

"கண்ணை இமை காப்பது போல" என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். அந்த இமைக்கே ஆபத்து வந்தால்?

கோவில்பட்டியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. மேல் இமையில் சின்னக் கட்டி ஒன்று வந்தது. "கரிசல் காட்டு வெயிலுக்கு வந்த சூட்டுக் கட்டிதானேடி! நாமக்கட்டியைக் குழைத்துப் போட்டால் அமுங்கிவிடும்" என்றாள். அமுங்கவில்லை. ஒரு வைத்தியர் கீறிவிட்டார். அதே இடத்தில் திரும்பவும் வந்தது. வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. அந்த இடத்தில் இமை மயிர் உதிர்ந்த பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போனோம். துளி சதையை எடுத்துச் சோதித்ததில், புற்றுநோய் என்று தெரிந்தது.

சகோதரிகளே, இமைக்குள் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. அவற்றில் தோன்றும் புற்று மேல்நாடுகளில் அபூர்வம். நம் தேசத்தில் அப்படியல்ல. சாதாரணக் கண்கட்டி போலவே அது வேஷம் போடும். அதுதான் அபாயம்.

கத்தி என்றதும் பெரியம்மா நடுங்கினாள். அவள் சீமையில் பிறந்த ஒருவரை ஞாபகப்படுத்தினேன். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமிதான் அவர். பிரசவ வைத்தியராக விரும்பியவரின் விரல்களை மூட்டு வாதம் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவரும் அவரே. "அந்தக் கை செய்ததென்றால், என் கண் பொறுக்காதா?" என்று பெரியம்மா சம்மதித்தாள்.

கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டி எடுக்கிறார்கள். ஓரங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகே இமையைச் சீர் செய்கிறார்கள். சிறிய பள்ளமானால் இழுத்துத் தைத்துவிடலாம். பெரிதானால், புடவைத் தலைப்பில் துணி எடுத்து உடலில் ஒட்டுப் போடுவது போலத்தான். கீழ் இமையின் விளிம்புக்கு அடியிலிருந்து ஒரு துண்டை, அடி அறாமல் மேலே கொண்டு வந்து மேல் இமையில் தைக்கிறார்கள். கட்லர், பியர்ட் என்ற இருவர் 1955-ல் எழுதி வைத்த முறை இது. புது இடத்தில் ரத்த ஓட்டம் ஊன்ற ஆறேழு வாரம் கண் மூடியே இருக்கும். பிறகு வெட்டித் திறப்பார்கள்.

பெரியம்மாவின் புது இமையில் மயிர் முளைக்கவில்லை. "போகட்டும், மூடித் திறக்கிறதே!" என்கிறாள். அதுதான் முக்கியம். மூட இமை இல்லாத கண் உலர்ந்து புண்ணாகிவிடும்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தாலும், இமை மயிர் உதிர்ந்தாலும், ஒரு கண் மட்டும் நாள்கணக்கில் சிவந்திருந்தாலும், கண் வைத்தியரிடம் போங்கள். கீறி எடுத்த சதையை எறிந்துவிடாமல் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவர்களை வாசல் வெளிச்சத்தில் உட்கார்த்தி, இமைகளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.