லாடம் தேயலைங்களே!
அப்பா வண்டிமாட்டுக்கு லாடம் அடித்தவர். பிளவுக் குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டுத் தகடு. கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிக்க முடியும். வண்டிகள் குறைந்ததும் நான் குதிரைக்கு மாறினேன். அரம், சுத்தியல், ஆணிப்பெட்டியோடு மொபெட்டில் ராசிபுரம், திருச்செங்கோடு, ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தை வரை போகிறேன்.

குதிரை நின்றபடியே கால் கொடுக்கும். ஆணி குளம்பின் வெளிச்சுவரில் மட்டும்தான் ஏற வேண்டும். நூலளவு உள்ளே போனாலும் நொண்டும். குளம்பு மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். அதனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி மறுபடி அடிக்கச் சொல்கிறேன். குதிரைக்காரர்களோ “லாடம் இன்னும் தேயலைங்களே” என்கிறார்கள். நொண்டிய பிறகுதான் போன் வருகிறது.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே எங்களைப் போன்ற கைகாரர்களையும் வைத்து இளைஞர்களுக்கு லாடப் பயிற்சி நடத்த வேண்டும். என் பெட்டியை எடுக்க வீட்டில் ஆளில்லை.